சொன்னவர் பெயர்

அன்புள்ள ஐயா,
ஐஸ்லாந்துப் பாதிரியார் அரி தோர்கில்ஸனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் எழுதிய நார்வே மன்னர் வரலாறு தொலைந்துவிட்டது. மிஞ்சியிருப்பது ‘ஐஸ்லாந்தர்களின் நூல்’ என்ற சின்னப் புத்தகம், அதுவும் வெறும் செவிவழிச் செய்தி. இவரை எப்படி வரலாற்றாசிரியர் என்கிறீர்கள்?
வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

நூல் சின்னதுதான், அதனால் என்ன? பக்கத்தை எண்ணியா மதிப்பிடுவது? ஆனால் ‘வெறும் செவிவழிச் செய்தி’ என்று எழுதினீர்களே, அதை என்னால் சும்மா விடமுடியாது. அந்தத் தீவில் சட்டத்தையே 1117-18 குளிர்காலத்தில்தான் முதன்முதலாக எழுதிவைக்க ஆரம்பித்தார்கள். அதுவரை சட்டம் ஒரு மனிதரின் நினைவில் இருந்தது, அவர் சபையில் அதை ஒப்பிப்பார். அப்படிப்பட்ட ஊரில் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து எழுத உட்கார்ந்தவர் காதால் கேட்காமல் வேறு எங்கே போவார்?

கேட்டதை யாரிடம் கேட்டேன் என்று சொன்னார் பாருங்கள், அங்கேதான் அரி நிற்கிறார். ஏழு வயதில் ஹால் என்ற பெரியவரின் வீட்டுக்குப் போய்ப் பதினான்கு வருடம் அங்கேயே இருந்தார். தீவு கிறிஸ்தவத்தை ஏற்பதற்கு ஒரு வருடம் முன்பு, மூன்று வயதில், தனக்கு ஞானஸ்நானம் நடந்தது ஹாலுக்கு ஞாபகம் இருந்ததாம். அப்புறம் அப்பாவின் சகோதரர் தோர்கெல், வளர்த்து ஆளாக்கிய தெயித். தூரித் என்று ஒரு பெண், ஸ்னோரி என்ற தலைவரின் மகள்; அறிவு மிக்கவர், பொய் சொல்லாதவர் என்று அவருக்கும் சான்று எழுதுகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரு பாதிரியார், ஒரு பெண்ணைப் பெயர் சொல்லிச் சாட்சியாக நிறுத்துகிறார்!

என் அத்தைக்கு எங்கள் ஊர் ஏரியின் கதை முழுக்கத் தெரியும், எந்த வருஷம் உடைந்தது, யார் கட்டினார்கள் என்று நாள்கணக்காகச் சொல்வாள். ஊர் வரலாறு என்று பிற்பாடு ஒரு சிறுநூல் போட்டார்கள், அத்தனையும் அவள் சொன்னது, ஆனால் உள்ளே ‘பெரியவர்கள் கூற்று’ என்று ஒரே வரி. அவள் பெயரைப் போட அவர்களுக்குத் தோன்றவே இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

நண்பரே, உங்களுக்குப் படிக்கும் ஆர்வம் இருக்கிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. படிக்காமலே தீர்ப்புச் சொல்லும் அவசரம்தான் வேண்டாம். இந்த நூலில் தவறாகச் சொன்னது ஏதும் இருந்தால் எது உண்மை என்று தெரிகிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அரியே முன்னுரையில் எழுதியிருக்கிறார்.

மன்னர் வரலாறு பற்றிக் கேட்டீர்கள். அடுத்த நூற்றாண்டில் நார்வே மன்னர்களைப் பற்றி எழுதிய ஸ்னோரி ஸ்டர்லுசன் தன் முன்னுரையில் அரியைப் பற்றி விரிவாகவே சொல்கிறார். அதைப் படித்துவிட்டு எழுதுங்கள், பேசுவோம்.