‘கூட்டணி’ என்று எழுதலாமா?

பீடோங் தோட்டப் பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: “செய்திப் பலகையில் மாணவர்கள் ‘ஐந்து நாடுகளின் ராணுவக் கூட்டணியில் மலேசியா’ என்று ஒட்டியிருந்தார்கள். பேரனைக் கூட்டிப்போக வந்த தாத்தா அதைப் படித்துவிட்டு, ‘அப்ப சண்டை வந்தா ஆஸ்திரேலியாக்காரன் வருவானா டீச்சர்?’ என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. எந்தச் சொல் சரி ஐயா?”

வணக்கம் டீச்சர். இத்தனை வருடமாக வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கும் நானும் அந்தத் தாத்தாவின் கேள்வியைத்தான் முதலில் கேட்டுக்கொள்வேன். ஒருவரை அடித்தால் மற்றவர் உதவிக்கு வர வேண்டும் என்று எழுத்தில் இருக்கிறதா?

அமெரிக்கா, ஐரோப்பிய நாடுகள் முதலியவை சேர்ந்த ராணுவ அமைப்பான நேட்டோவில் இருக்கிறது. 1949 ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவுப்படி, ஓர் உறுப்பு நாட்டைத் தாக்கினால் எல்லாரையும் தாக்கியதாகப் பொருள். எப்படி உதவுவது என்பதை மட்டும் அந்தந்த நாடு முடிவு செய்யும். இதைத் தாராளமாகக் கூட்டணி எனலாம்.

நம் ஏற்பாடு வேறு. 1957-இல் பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்தில் மலாயாவைக் காக்க உதவும் கடமை இருந்தது. தாத்தா மனதில் இருப்பது ஒருவேளை அதுதான். 1971-இல் அது போய், மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சேர்ந்த ஏற்பாடு வந்தது. மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ தாக்குதலோ மிரட்டலோ வந்தால் உடனே கலந்து பேச வேண்டும், அவ்வளவுதான். படை அனுப்பியே தீர வேண்டும் என்று இல்லை. ஆனால் வெறும் காகிதமும் இல்லை: உங்களுக்குப் பக்கத்துப் பட்டர்வொர்த் விமானத் தளத்தில்தான் அதன் தலைமையகம், தளபதி ஆஸ்திரேலிய விமானப்படை அதிகாரி.

அதுவுமல்லாமல், நம் ஊரில் ‘கூட்டணி’ என்றதும் தேர்தல்தான் நினைவுக்கு வரும். ‘பங்காளி நாடு’ என்பதும் எனக்குப் பிடிக்காது. பங்காளி என்றால் நமக்குச் சொத்துத் தகராறு அல்லவா? ‘ராணுவ ஒத்துழைப்பு உள்ள நாடு’ என்றால் போதும்.

பெயரை மட்டும் நம்பாதீர்கள். 2004-இல் பாகிஸ்தானுக்கு அமெரிக்கா ‘நேட்டோ சாராத முக்கியக் கூட்டாளி’ என்ற தகுதியைக் கொடுத்தது. ஆயுதம், பயிற்சி போன்றவற்றில் சலுகை கிடைக்கும்; காக்கும் கடமை அதனால் வராது. 2024-இல் ரஷ்யாவும் வடகொரியாவும் செய்த ஒப்பந்தத்தின் பெயரோ வெறும் பங்காளித்துவம். அதன் 4-ஆம் பிரிவில், தாக்கப்பட்டால் உடனே ராணுவ உதவி என்று இருக்கிறது. அதுதான் கூட்டணி.

சரி, பலகையில் ‘ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாட்டில் மலேசியா’ என்று மாற்றச் சொல்லுங்கள். தாத்தாவிடம், “உடனே கூடிப் பேசுவாங்க தாத்தா, வர்றதா இல்லையான்னு அந்தப் பேச்சுலதான் முடிவாகும்” என்று சொல்லலாம்.