ஸ்கோப் சர்டிபிகேட்டை வைத்து ‘ஆர்கானிக்’ லேபிள் ஒட்டலாமா?

ஈரோட்டிலிருந்து சிங்கப்பூருக்கு ஆர்கானிக் மஞ்சள்தூள் இறக்குமதி செய்திருக்கிறீர்கள்; சப்ளையர் ஸ்கோப் சர்டிபிகேட்டை மட்டும் அனுப்பிவிட்டு, சரக்குக்கான சான்றைத் தராமல் இழுத்தடிக்கிறார். அதை நம்பி லேபிள் ஒட்டாதீர்கள். ஈரோட்டு சப்ளையர் அனுப்பிய ஸ்கோப் சர்டிபிகேட், அவருடைய நிலமும் ஆலையும் சான்று பெற்றவை என்று மட்டும்தான் சொல்லும். உங்களுக்கு வந்த மஞ்சள்தூள் மூட்டைகளைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இருக்காது. இந்தியாவிலிருந்து ஆர்கானிக் என்று ஏற்றுமதியாகும் ஒவ்வொரு சரக்குக்கும் தனியாக டிரான்ஸாக்‌ஷன் சர்டிபிகேட் (டிசி) வேண்டும். 2025 ஜனவரியில் வந்த என்பிஓபி (இந்திய அரசின் ஆர்கானிக் சான்று விதிகள்) 8ஆம் பதிப்பு விவசாயிகள் குழுக்களுக்கான நடைமுறையை எளிதாக்கியது; டிசியை நீக்கவில்லை. “புது விதியில் டிசி தேவையில்லை” என்று அவர் சொல்வது சும்மா கதை.

அவர் இழுத்தடிக்க என்ன காரணம்? பிஜிஎஸ் சான்று (விவசாயிகள் குழுவாக ஒருவரையொருவர் சரிபார்த்துப் பெறும் சான்று) மட்டும் வைத்திருக்கும் விவசாயிகளிடம் வாங்கியிருக்கலாம். அது இந்திய உள்ளூர்ச் சந்தைக்கானது, ஏற்றுமதிக்குச் செல்லாது.

டிசி வந்ததும் லாட் எண், நிகர எடை, இன்வாய்ஸ் எண் மூன்றையும் சரக்கோடு ஒப்பிடுங்கள். வந்தது 500 கிலோ, டிசியில் 300 என்றால் மீதி 200 சாதா மஞ்சள்தான். வாங்குபவர் பெயர் உங்கள் நிறுவனமா என்றும் பாருங்கள்.

ஒன்று, டிசி இருந்தாலும் எஸ்எஃப்ஏ (சிங்கப்பூர் உணவு முகமை) இறக்குமதி அனுமதி தனி. அப்புறம், தேக்கா வட்டாரக் கடைக்குச் சின்னப் பொட்டலமாகப் பிரித்துக் கட்டுவதாக இருந்தால் முன்கூட்டியே எஸ்எஃப்ஏவுக்கு எழுதிக் கேளுங்கள். கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர) வழிகாட்டுதலை ஒட்டிய சான்று இருந்தால்தான் இங்கே லேபிளில் ஆர்கானிக் என்று போட முடியும்.