பார்க்குக்கு முதல் ஸ்கீ: மெத்தென்றும் இருக்க வேண்டும், உழைக்கவும் வேண்டும்

ஸ்கீயோடு (பனிச்சறுக்குப் பலகை) பார்க்கில், அதாவது ரெயிலும் ஜம்ப்பும் கட்டிவைத்த பனிச்சரிவில், இறங்கப் போகிற புதியவர்கள் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஸ்கீ, எட்ஜ் (ஸ்கீயின் அடியோர இரும்புப் பட்டை), பைண்டிங் (பூட்டை ஸ்கீயோடு பிடித்துவைக்கிற கருவி) இந்த மூன்றுக்குத்தான் பதில் சொல்வேன். ட்ரிக் கற்றுக்கொள்ள நல்ல பயிற்சியாளரைப் பாருங்கள். டின் எண்ணை (எவ்வளவு விசைக்கு பைண்டிங் பூட்டை விட வேண்டும் என்ற அளவு) கூட்டலாமா என்று கேட்க வருகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், கூட்டாதீர்கள்.

புதுப்பனி: அண்ணா, சாதாரண சரிவில் நன்றாக ஓட்டுவேன். இனி பாக்ஸ் (மேலே சறுக்கிப் போகிற அகலமான பெட்டி), சின்ன ரெயில் (மேலே சறுக்கிப் போகிற இரும்புக் கம்பி), சின்ன ஜம்ப் பழக ஆசை. மென்மையான ஸ்கீதான் புதியவருக்கு என்கிறார்கள், அது சீக்கிரம் உடையும் என்றும் சொல்கிறார்கள். எதை நம்புவது?

முதல் பாதியை நம்புங்கள். மென்மை என்பது ஸ்கீ எவ்வளவு வளைகிறது என்பது. உழைப்பு என்பது எட்ஜ் எவ்வளவு தடிமன், சைட்வால் (ஸ்கீயின் பக்கச்சுவர்) எப்படிக் கட்டியிருக்கிறது, உள்ளே என்ன மரம் என்பதைப் பொறுத்தது. இரண்டும் வேறு வேறு, ஒரே ஸ்கீயில் இரண்டும் கிடைக்கும்.

கடையில் ஸ்கீயின் வாலைத் தரையில் ஊன்றி, ஒரு கையால் நுனியைப் பிடித்து, மறு கையால் நடுவைத் தள்ளிப் பாருங்கள். நுனியும் வாலும் தாராளமாக வளைய வேண்டும், பைண்டிங் உட்காரும் இடம் மட்டும் விறைப்பாக நிற்க வேண்டும். காலடியிலும் தொளதொளவென்று வளைகிற ஸ்கீயை வாங்க வேண்டாம், ஜம்ப்பிலிருந்து இறங்கும்போது அது உங்களைத் தாங்காது. அப்புறம் எட்ஜ். சாதாரண ஸ்கீயில் சுமார் 2 மில்லிமீட்டர் இருக்கும், ரெயிலுக்கென்று செய்ததில் 2.2 முதல் 2.5 வரை வரும். அந்த அரை மில்லிமீட்டர்தான் இரும்பில் அடி வாங்கும்போது விரிசலைத் தள்ளிப்போடுகிறது. பக்கவாட்டில் முழு உயரத்துக்கும் சைட்வால் இருக்கிறதா என்று பாருங்கள். மேல்தாள் அப்படியே எட்ஜ் வரை மடிந்து வருகிற கட்டுமானம் எடை குறைவு, ஆனால் ரெயிலில் அடிபட்டால் பிளந்துகொள்ள வாய்ப்பு அதிகம். உள்ளே மேப்பிள், ஆஷ், மூங்கில் மாதிரி அடர்த்தியான மரம் கலந்திருந்தால் நல்லது. முழுக்க பௌலோனியா மரம் என்றால் இறகு போல இருக்கும், அடி தாங்குவது குறைவு. புதியவருக்குக் கொஞ்சம் எடை கூடிய ஸ்கீயே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

ஸ்கீயின் இடுப்பு, அதாவது காலடியில் குறுகுகிற இடம், 85 முதல் 95 மில்லிமீட்டர் அகலம் போதும். ட்வின் டிப் (நுனி, வால் இரண்டுமே மேலே வளைந்தது) கட்டாயம், பின்பக்கமாக ஓட்டிப் பழகப் போகிறீர்களே. இன்னொன்று, எடையையும் கணக்கில் எடுங்கள். 55 கிலோ ஆளுக்கு மிதமாக இருக்கிற ஸ்கீ 90 கிலோ ஆளின் காலில் நூடுல்ஸ் ஆகிவிடும். கனமானவர்கள் ஒரு படி விறைப்பாக எடுங்கள்.

சறுக்கல்: உயரம் 172, எடை 68. நீளம் எவ்வளவு எடுக்கலாம்?

சுமார் 158 முதல் 167 செ.மீ. ட்வின் டிப்பில் இரு முனையும் மேலே தூக்கியிருப்பதால் பனியைத் தொடுகிற நீளம் குறைவு, அதனால் குட்டையாக எடுத்துவிடாதீர்கள். ரெயில்தான் முக்கியம் என்றால் மூக்கு உயரம், ஜம்ப் ஆசை இருந்தால் நெற்றி உயரம்.

வெள்ளைமலை: எந்த பிராண்ட் நல்லது?

பிராண்ட் பெயரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. லைன் 1995-இல் வந்தது, ஆர்மடா 2002-இல் வந்தது, இரண்டுமே ஃப்ரீஸ்கீ ஆட்களிடமிருந்து பிறந்தவை, இரண்டிலுமே மெத்தென்றதும் உண்டு, விறைப்பானதும் உண்டு. மாடலைப் பாருங்கள்.

ஒற்றைக்கால்: ரெயிலில் ஏறும்போதெல்லாம் ஸ்கீ கழன்றுகொள்கிறது. டின் 6-இல் இருக்கிறது, 9 வைத்துவிடவா?

வேண்டாம். டின் எண் உங்கள் எடை, உயரம், வயது, பூட்டின் அடிநீளம், ஓட்டும் பாணி எல்லாம் சேர்த்து அட்டவணையிலிருந்து வருவது, தைரியத்தைக் காட்டுகிற எண் இல்லை. கூட்டி வைத்தால் ஸ்கீ கழல வேண்டிய நேரத்தில் கழலாது, திருகுகிற விசை முழங்கால் தசைநாருக்கோ கெண்டைக்கால் எலும்புக்கோ போகும். முதலில் பூட்டின் அடியில் பனி கெட்டியாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அடிப்பாகம் நடந்து நடந்து தேய்ந்திருக்கிறதா? பூட்டை மாற்றியபின் பைண்டிங்கின் முன்னழுத்தத்தை (பூட்டை முன்னோக்கி அழுத்திப் பிடிக்கிற அளவு) சரிசெய்யாமல் விட்டீர்களா? பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். கடையில் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இரும்புப்பலகை: முதல் பதிலை ஏற்க முடியாது. மென்மையான ஸ்கீ அதிகம் வளைகிறது, வளைய வளைய எட்ஜ் விரியும். விறைப்பானதை வாங்கினால் பல சீசன் வரும். புதியவர்களைத் தவறாக வழிநடத்துகிறீர்கள்.

வளைவதால் விரிசல் வருவது உண்டு, வாலில் முழு எடையையும் போட்டு நாள் முழுக்க அழுத்துகிறவர்களுக்கு. ஆனால் ரெயில் பழகுகிறவரின் ஸ்கீயைத் திருப்பிப் பாருங்கள், விரிசல் இருப்பது காலடியில். அங்கே மென்மையான ஸ்கீயும் விறைப்புதான். காரணம் இரும்பின் முனையில் எட்ஜ் போய் மோதுவது. அந்த அடிக்கு நுனியின் வளைவு எந்த வகையிலும் பொறுப்பில்லை.

இரும்புப்பலகை: சரி, ஜம்ப்பில்? மென்மையான வால் மடங்கிவிடுமே.

பெரிய ஜம்ப்பில் மடங்கும், அதில் நீங்கள் சொல்வதே சரி. கேள்வி கேட்டவர் போகப்போவது சின்ன ஜம்ப்புக்கு. மெதுவான வேகத்தில் விறைப்பான ஸ்கீ வளையவே வளையாது, புதியவர் அதை வளைக்கப் போராடிப் பின்னால் சாய்ந்து நிற்கப் பழகுவார், அந்தப் பழக்கத்தை மாற்றுவது எவ்வளவு சிரமம் என்று பயிற்சி கொடுத்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெரிய ஜம்ப் வரிசைக்குப் போகிற நாளில் விறைப்பானதை வாங்கட்டும்.

பனிக்காகம்: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். காலடியில் எட்ஜை மழுக்கச் சொல்கிறார்களே, இறுகிய பனியில் பிடிப்பு போய்விடாதா?

இரும்புப்பலகை: போகும். அதனால்தான் நான் மழுக்குவதே இல்லை.

முழுவதும் மழுக்கினால் போகும். மழுக்காமலே விட்டாலும் ஆபத்து, கூரான எட்ஜ் ரெயிலில் சின்னக் கீறலில்கூட மாட்டும், மாட்டினால் ஸ்கீ நின்றுவிடும், ஆள் மட்டும் போவார். பைண்டிங்கின் முன்முனையிலிருந்து பின்முனை வரை மட்டும், நகத்தைத் தேய்த்தால் சீவாத அளவுக்கு, கம்மிக் கல்லால் (ரப்பர் போன்ற தேய்ப்புக் கல்) முனையை உருட்டிவிடுங்கள். மீதி நீளம் கூராக இருக்கட்டும், ஜம்ப்பை நோக்கி வரும்போது திசை பிடிக்க அது வேண்டும். இரும்புப்பலகை, நீங்கள் ஜம்ப் மட்டும் போகிறவர் என்றால் மழுக்க வேண்டியதே இல்லை. ரெயில் பழகுகிறவரிடம் உங்கள் ஸ்கீயைக் கொடுத்துவிடாதீர்கள்.

மஞ்சள்தொப்பி: பைண்டிங்கை நட்டநடுவில் பொருத்தலாமா?

நடுவிலிருந்து 2 அல்லது 3 செ.மீ. பின்னால் வையுங்கள். சுற்றுவதற்கும் பின்னோட்டத்துக்கும் போதும், சாதாரணச் சரிவிலும் நுனி அடங்கி வரும்.

நீலக்கண்ணாடி: என் உயரம் 165, நீளம் என்ன?

சறுக்கலுக்குச் சொன்ன அதே அளவுகோல். மூக்கு, நெற்றி.

தனிவழி: டின் 8 வைத்தால் பரவாயில்லையா?

அட்டவணை 8 என்று சொன்னால் வையுங்கள். சொல்லாவிட்டால் வேண்டாம். இந்தக் கேள்வி இனி வந்தால் பதில் சொல்ல மாட்டேன்.

பின்னோட்டம்: ரெயில்தானே போகிறேன், மெழுகு எதற்கு?

ரெயிலோடு நின்றால் தள்ளிப்போடலாம். ஜம்ப் போகிற நாளில் கட்டாயம் போடுங்கள். பேஸ் (ஸ்கீயின் அடிப்பரப்பு) வறண்டிருந்தால் வேகம் குறையும், இறங்குசரிவை எட்டாமல் மேலே தட்டையான இடத்தில் விழுவீர்கள், கணுக்கால் போவது அங்கேதான். எக்ஸ்ட்ரூடட் (பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளிச் செய்த) பேஸ் வேகம் குறைவு, பழுது பார்ப்பது எளிது. சின்டர்டு (பிளாஸ்டிக் தூளை அழுத்திச் செய்த) பேஸ் வேகம், உழைப்பு இரண்டும் கூடுதல், ஆனால் அடிக்கடி மெழுகு கேட்கும்.

அகலக்கால்: பூட் எது வாங்கலாம்?

பூட் பொருத்துகிறவரிடம் நேரில் போய்க் காலைக் காட்டுங்கள். இங்கே சொல்வதற்கில்லை.

கைமாற்று: பழைய பார்க் ஸ்கீ வாங்கலாமா? எட்ஜில் மயிரிழை விரிசல் இருக்கிறது.

மயிரிழை விரிசல் பெரிய குற்றமில்லை, ரெயில் போன ஸ்கீயில் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். எட்ஜ் வெளியே தள்ளியிருக்கிறதா, சைட்வால் அதோடு பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள், பிரிந்திருந்தால் வேண்டாம். நுனியையும் வாலையும் விரல்களுக்கிடையே அழுத்திப் பாருங்கள், அடுக்குகள் விலகினால் தெரிந்துவிடும். பைண்டிங் எத்தனை முறை துளையிட்டுப் பொருத்தியது என்றும் கேளுங்கள், துளைகள் நெருக்கமாக இருந்தால் புதிய திருகு பிடிக்காது.

வாங்கியபின் அடுக்கு கொஞ்சம் பிரிந்தால் எப்பாக்ஸி பசை விட்டுக் கிளாம்ப் போட்டு ஒரு நாள் வைத்தால் சேர்ந்துகொள்ளும். அதற்கு முன் உள்ளே ஈரம் துளியும் இல்லாமல் காய விடுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் அடுத்த ரெயிலிலேயே திறந்துகொள்ளும்.