வெள்ளைக்கல் கழிவுமண்ணில் கன்றுகள் ஏன் பட்டுப்போகின்றன?

கேள்வி: சேலம் அருகே மேக்னசைட் (வெள்ளைக்கல்) சுரங்கக் கழிவு கொட்டிக் கிடக்கும் 2 ஏக்கரில் வேம்பு, புங்கன் கன்றுகள் வைத்தோம். மண்ணைச் சரிசெய்ய டோலமைட்டும் போட்டோம். கோடைக்குள் முக்கால்வாசி பட்டுவிட்டன. இனி என்ன செய்வது?

பதில்: முதலில் டோலமைட்டை நிறுத்துங்கள். அது அமில நிலத்துக்கு உரியது. கால்சியத்தோடு மெக்னீசியமும் கலந்த கல். உங்கள் மண்ணில் காரமும் மெக்னீசியமும் ஏற்கெனவே மிதமிஞ்சி இருக்கின்றன. நல்ல நிலத்தில் மெக்னீசியத்தைவிடக் கால்சியம் சில மடங்கு கூடுதலாக இருக்கும்; வெள்ளைக்கல் கழிவில் இது தலைகீழ். கால்சியம் கிடைக்காவிட்டால் வேர்நுனி நீளாது. பட்டுப்போன கன்று ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். பை மண்ணுக்குள்ளேயே வேர் சுருண்டு, வெளியே வந்த ஓரிரு நுனியும் பழுப்பேறி மொட்டையாக நின்றிருந்தால், தண்ணீர் ஊற்றி மட்டும் தீராது.

மண்வள அட்டையில் கால்சியமும் மெக்னீசியமும் வராது. ஆய்வகத்தில் அவற்றைத் தனியாகக் கேளுங்கள். நிக்கல், குரோமியம் ஆகிய கன உலோகங்களையும் சேர்த்துப் பாருங்கள். இந்த வகைப் பாறையில் அவை இருப்பது வழக்கம்.

இதற்கு மருந்து ஜிப்சம். காரத்தைக் கூட்டாமல் கால்சியம் தரும். ஏக்கருக்கு 2 டன்னில் தொடங்கி, ஆய்வு முடிவுக்கேற்ப மாற்றலாம். லாரி ஓடி இறுகிய இடங்களை முதலில் 45 செ.மீ. ஆழம் கிளறிவிட்டு, மழைக்கு முன் தூவுங்கள். கிளறாமல் போட்டால், ஜிப்சத்தின் கால்சியம் வெளியே தள்ளிய மெக்னீசியம் கீழே இறங்க வழியில்லாமல் அங்கேயே தங்கும். சரிவு செங்குத்தாக இருந்தால், 1 மீட்டர் உயரத்துக்கு 3 மீட்டர் கிடைமட்ட நீளம் வரும்படி சாய்த்துவிடுங்கள். இல்லையேல் முதல் பெருமழையில் ஜிப்சமும் விதையும் அடிவாரத்தில் கிடக்கும்.

மரத்துக்கு அவசரப்பட வேண்டாம். ஆடியில் கொழுஞ்சி ஏக்கருக்கு 10 கிலோ, கொழுக்கட்டைப்புல் 3 கிலோ விதையுங்கள். கொழுஞ்சி விதைத்தோல் கடினமானது. கரடுமுரடான மணலோடு சேர்த்துத் தேய்த்த பிறகே போடுங்கள். முயல்மசால் என்ற தீவனச் செடியைப் பலர் சொல்வார்கள். அதன் சில வகைகள் காரமண்ணில் தேறாது.

புரட்டாசிக் கடைசியில் 60 செ.மீ. நீள, அகல, ஆழக் குழி எடுங்கள். மூன்றில் ஒரு பங்கு செம்மண்ணோ ஏரி வண்டலோ, மட்கிய தொழுவுரம் 10 கிலோ, ஜிப்சம் அரைக் கிலோ, சூப்பர் பாஸ்பேட் 100 கிராம் எடுத்த மண்ணோடு கலந்து நிரப்பி, வேர் உட்பூசணம் (வேருக்குச் சத்து எடுத்துத் தரும் பூஞ்சை உரம்) 50 கிராமை வேரைத் தொடும்படி இடுங்கள். குழி முழுக்கச் செம்மண் நிரப்பினால் வேர் அதற்குள்ளேயே சுற்றி நின்றுவிடும். வேம்பு, புங்கனோடு உசில், வாகையும் கலந்து வையுங்கள். 2 அடி உயரக் கன்றே போதும். பெரிய கன்றின் இலைப்பரப்புக்கு இந்த மண் தண்ணீர் தராது.

நிக்கல், குரோமிய அளவு தெரியும்வரை அங்கே கீரை, காய்கறி வேண்டாம், புல்லையும் மாட்டுக்கு அறுக்காதீர்கள். அறுத்த புல்லைக் கன்றின் அடியிலேயே மூடாக்காகப் போட்டுவிடுங்கள்.