மொழி கிளாஸுக்கு ஏன் சனம் காசு குடுக்குது?

கேள்வி: எங்கட ஒழுங்கையில ஒரு அக்கா நாலஞ்சு பேரைச் சேர்த்து சின்ன அமைப்பொண்டு வச்சு, பின்னேரத்தில பிள்ளையளுக்கு சிங்களமும் இங்கிலீசும் ப்ரீயா படிப்பிக்கிறா. மாசா மாசம் ஆக்கள் காசு குடுக்கிறாங்க, பென்ஷன் எடுக்கிற ஒரு ஐயாவும் குடுக்கிறார், கடை வச்சிருக்கிறவரும் குடுக்கிறார். இலவசக் கல்வி இருக்கிற நாட்டில இதுக்கு ஏன் காசு எண்டு எனக்கு விளங்கேல்ல. (திருகோணமலை உவர்மலை வாசகி)

பதில்: அந்தப் பென்ஷன் ஐயாவக் கேட்டுப் பாருங்க தங்கச்சி. தானம் தர்மம் எண்டு ஒண்டும் கதைக்க மாட்டார், ஏதாவதொரு கந்தோரப் (அரசாங்க ஆபிஸப்) பத்தித்தான் கதைப்பார். இலங்கையில 1956ல 33ஆம் இலக்கச் சட்டத்தால சிங்களம் மட்டும் அரச மொழி ஆனதுக்குப் பிறகு, சிங்களச் சோதினை பாஸ் பண்ணாட்டி இன்கிரிமென்ட் (சம்பள உயர்வு) இல்ல எண்டு நிண்ட காலம் ஒண்டிருந்தது, கேகாலைக் கச்சேரியில (மாவட்ட அரசாங்கக் கந்தோரில) வேலை செய்த கோடீஸ்வரன் எண்டவர் அதை எதிர்த்து வழக்குப் போட்டு அது லண்டன் பிரிவி கவுன்சில் எண்ட கடைசி மேல்முறையீட்டு மன்றம் வரைக்கும் போய் 1969ல தீர்ப்பு வந்தது. அந்தக் கதைகளக் கேட்டு வளந்த ஆக்களுக்கு மொழி எண்டது சம்பளம், பதவி, கவுண்டருக்கு முன்னால வாய் பேசாம நிக்கிறது எல்லாம்தான். தான் பட்டத பேரப்பிள்ளை வயசில உள்ளது படக்கூடாது எண்டு குடுக்கிறார், அவ்வளவுதான்.

சட்டத்தில இப்ப தமிழும் அரச மொழி, 1987ல அரசியலமைப்பின்ர 13ஆம் திருத்தத்தோட வந்தது, வடக்கு கிழக்கில நிர்வாக மொழியும் தமிழ்தான். ஆனா திருமலையில இருக்கிற வீட்டுக்கு சிங்களத்தில மட்டும் கடிதம் வாறது இன்னும் நிக்கேல்ல, அதைத் தூக்கிக்கொண்டு யார் வாசிச்சுச் சொல்லுவாங்க எண்டு வீடு வீடாப் போற சனத்த நீங்களும் கண்டிருப்பீங்க. (கடிதத்த தமிழில அனுப்பச் சொல்லிக் கேக்கிறதும் நடக்கவேணும், கிளாஸ் வச்சாச்சு எண்டு அந்த உரிமைய விட ஏலாது, இதைச் சொல்லாம விட்டா எனக்கு நித்திரை வராது.) அதோட 2007 ஜூலை 1க்குப் பிறகு அரச வேலைக்கு எடுபட்ட ஆக்கள் 5 வருசத்துக்குள்ள மற்ற அரச மொழியில தேர்ச்சி காட்டவேணும் எண்டு சுற்றறிக்கை வந்ததில இருந்து, சிங்களம் படிக்கிறது வேலையோட நேரா முடிச்சுப் போட்ட விசயமாப் போச்சு. பள்ளிக்கூடத்தில இரண்டாம் மொழிப் பாடம் இருக்குத்தான், ஆனா புத்தகத்தில எழுத்துக் கூட்டிப் படிச்ச பிள்ளை ஆஸ்பத்திரியில நேர்ஸோட ரெண்டு வசனம் கதைக்க வெருளுதே, அந்த இடைவெளியிலதான் உங்கட அக்காட கிளாஸ் நிக்குது.

கடைக்காரருக்கு வேற கணக்கு இருக்கலாம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சீசனுக்கு வெள்ளைக்காரர் வந்தா இங்கிலீசு கதைக்கத் தெரிஞ்ச பொடியன் பெட்டையள் ஊரில இருந்தாத்தான் அவருக்கும் யாவாரம். சுயநலம் எண்டு பழிக்காதீங்க, அந்தக் காசிலயும் கொப்பி வாங்கலாம்.

இன்னொண்டு. நெதர்லாந்தச் சேந்த ரெனே பெக்கர்ஸும் பமலா வைப்கிங்கும் 2011ல, சனம் ஏன் நன்கொடை குடுக்குது எண்டு அதுவரைக்கும் வந்த 500க்கு மேற்பட்ட ஆய்வுக் கட்டுரையள அலசி எட்டுக் காரணம் சொன்னாங்க, அதில ஒண்டு வலு சிம்பிள்: யாரோ வந்து கேட்டாங்க. உங்கட அக்கா வெக்கப்படாமக் கேட்டிருப்பா. தெரிஞ்ச முகம், காசு எங்க போகுது எண்டு மதிலால எட்டிப் பாத்தாலே தெரியும், கொழும்பில இருந்து பெரிய அமைப்பொண்டு பளபளா பேப்பர் அனுப்பினா அந்த நம்பிக்கை லேசில வராது.

கேள்வி: சக்காத் காச இப்படியான மொழி வகுப்புக்குக் குடுக்கலாமா? (கிண்ணியா வாசகர்)

பதில்: நானா, சக்காத் (கட்டாயமாக் குடுக்கவேண்டிய தர்மம்) போய்ச் சேரவேண்டிய ஆக்கள் எட்டு வகை எண்டு குர்ஆனிலயே இருக்கு, வகுப்புக்குப் பொருந்துமா இல்லையா எண்டு தீர்ப்புச் சொல்றது உங்கட ஆலிம்மார்ட (மார்க்கம் படிச்ச ஆக்கள்ட) வேலை, நான் அதுக்குள்ள கால் வைக்க மாட்டன். சதக்காவா, அதாவது விரும்பிக் குடுக்கிற தர்மமா, குடுக்கிறதெண்டா தடை இல்ல. பிரயோசனமான அறிவைக் குடுக்கிறது மவுத்துக்குப் பிறகும் நன்மை தரும் எண்டு பள்ளிவாசலில கேட்டிருப்பீங்கதானே.

கேள்வி: லண்டன் ஹரோவில இருக்கிறம். பழைய மாணவர் வட்ஸ்அப் குரூப்பில ஓரளவு காசு சேந்திருக்கு. ஊரில மொழி நிலையம் எண்டு ஒரு கட்டடம் கட்டிக் குடுப்பமா? (பேர் வேண்டாம் எண்ட வாசகர்)

பதில்: வேண்டாம் தம்பி. அங்க உங்கட பிள்ளையள் வார இறுதியில தமிழ் படிக்கிறது எங்க? அனேகமா வாடகைக்கு எடுத்த ஸ்கூல் மண்டபத்திலதானே. அங்க வாடகை ஹோல் காணும், இஞ்ச மட்டும் ஏன் மாபிள் போட்ட கட்டடம்? எங்களிட்ட பின்னேரத்தில பூட்டிக் கிடக்கிற வகுப்பறை இருக்கு, வாசிகசாலை இருக்கு, கோயில் மண்டபம் இருக்கு. இல்லாதது மாசம் முடியக் கையில காசு வாங்கிற வாத்தியார்.

ஒரு காலத்தில கட்டடத்துக்குக் குடுத்தது சரிதான், ஏனெண்டா அப்ப ஒண்டுமே இருக்கேல்ல. எங்கட திருமலை ஸ்ரீ சண்முகா பெண்கள் பள்ளிக்கூடம் 1920களில தங்கம்மா சண்முகம்பிள்ளை எண்ட அம்மாட கொடையில எழும்பினது, இந்துக் கல்லூரிய இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பெடுத்து விபுலானந்த அடிகள் நடத்தினார், 1960க்குப் பிறகுதான் இதுகள அரசாங்கம் எடுத்தது. இண்டைக்கு அரசாங்கப் பள்ளிக்கூடம் எண்டு நாங்க சொல்ற கனக்க இடம் சனத்தின்ர காசுதான். இப்ப நிலமை என்னெண்டா, கூரை இருக்கு, ஆள் இல்ல. எங்கட கிழக்கு மாகாணத்தில தொண்டர் ஆசிரியர் எண்டு வருசக்கணக்கா சம்பளமில்லாமப் படிப்பிச்சுப் போட்டு நியமனம் கேட்டு ரோட்டில இருந்த ஆக்கள ஊரில கேட்டா தெரியும், அப்படி ஒருவர மூதூரில இருந்து கூப்பிட்டு டவுனில படிப்பிக்கச் சொன்னா பஸ் காசாவது குடுக்கவேணாமா?

கட்டடத்தில பேர் வெட்டலாம், திறப்பு விழாவுக்கு ரிபன் வெட்டலாம், வாத்தியார்ட பஸ் காசில என்னத்த வெட்டிறது எண்டுதான் ஆக்கள் யோசிக்கிறாங்க போல. உங்கட குரூப்பில ரெண்டு வருசத்துக்கு ரெண்டு ஆசிரியருக்குச் சம்பளம் எண்டு எழுதி வையுங்க, மாசம் மாசம் அனுப்புங்க, மொத்தமா அனுப்பினா அது எப்படியோ சீமெந்தாத்தான் மாறும்.

கேள்வி: நாங்களே கிளாஸ் நடத்துறம். காசு கேக்க வாய் வருதில்ல. பேஸ்புக்கில பிள்ளையள்ட போட்டோ போட்டா உதவி வரும் எண்டு ஒருவர் சொல்றார். (மூதூர்)

பதில்: வரும். 2007ல அமெரிக்காவில செய்த ஒரு ஆய்வில, பஞ்சத்தப் பத்தின புள்ளிவிவரத்தக் காட்டினதவிட மாலி நாட்டில ஒரு ஏழு வயசுப் பெட்டையின்ர கதையக் காட்டினப்ப சனம் கூடக் குடுத்தது எண்டு கண்டிருக்கினம். அதுக்காக உங்கட பிள்ளையள்ட முகத்தப் போடாதீங்க. நாளைக்கு அதே பிள்ளை வேலைக்குப் போற இடத்தில "ஏழைப் பிள்ளை" எண்ட போட்டோ முன்னால வந்து நிக்கும். கதை சொல்லவேணுமெண்டா பேரும் முகமும் இல்லாமச் சொல்லுங்க: தாய்க்கு கிளினிக்கில மொழிபெயர்த்த பிள்ளை, பொலிசில முறைப்பாட்ட வாசிச்சுப் பாத்துப் போட்டுக் கையெழுத்து வச்ச பொடியன்.

கேக்கிறதுக்கு வெக்கப்படுறது உங்களுக்காகக் கேட்டாத்தான். "உதவி செய்யுங்கோ" எண்டு பொதுவாச் சொன்னா ஆக்கள் தலையாட்டிப் போட்டுப் போயிடுவாங்க, "இந்த மாசம் போட்டோகொப்பிக்கு இவ்வளவு, வாத்தியாருக்கு இவ்வளவு" எண்டு சொல்லுங்க. அடுத்த மாசம் போய் அந்தக் காசு என்ன ஆனது எண்டு சொல்லுங்க, எத்தின பிள்ளை இடையில நிண்டது எண்டதையும் மறைக்காமச் சொல்லுங்க. ரெண்டாந்தரம் குடுக்கிற ஆள் இந்தக் கணக்கப் பாத்துத்தான் குடுக்கிறது.

கேள்வி: இடக்கை அறியாமக் குடுக்கிறதுதானே கொடை? எங்கட ஊரில ஒருவர் வெள்ளைப் பலகை ஒண்டு வாங்கிக் குடுத்துப் போட்டு அதில தன்ர பேரை எழுதச் சொல்றார். (செல்வநாயகபுரம்)

பதில்: எழுதட்டும். மற்றவன் பாத்து தானும் ஒண்டு வாங்கித் தருவான். ஆனா பலகைக்கு மேல, சின்னதா. நடுவில எழுதினா பிள்ளையளுக்கு எழுத இடமிருக்காது.