கார்டினல் டெட்ரா மீன்கள் இயற்கையில் எத்தகைய நீரில் வாழ்கின்றன? தொட்டியில் விட்டதும் அவை வெளிறி ஒதுங்குவது ஏன்?

நீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கிறது, விளக்கும் நன்றாக எரிகிறது, ஆனாலும் மீன்கள் மூலையில் ஒண்டிக்கொள்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தெளிவும் வெளிச்சமுமே காரணமாக இருக்கக்கூடும் என்று கருதுகிறேன். நானும் முதன்முதலில் இவற்றை வெள்ளைக் கூழாங்கற்கள் பரப்பிய தொட்டியில்தான் விட்டேன். ஒரு வாரம் வரை அவை வடிகட்டியின் பின்புறத்தை விட்டு வெளியே வரவில்லை.

ஏறத்தாழ 3 சென்டிமீட்டரே வளரும் இம்மீன், தென்னமெரிக்காவில் ரியோ நீக்ரோ, ஓரினோகோ ஆறுகளின் மேற்பகுதிகளில் வாழ்கிறது. பெரிய ஆற்றின் நடுவே இதைக் காண்பது அரிது. மரநிழல் கவிந்த சிற்றோடைகளும், வெள்ளக் காலத்தில் நீர் புகும் காடுகளுமே இதன் வீடு. பிரேசிலின் மனாஸ் நகரருகே ரியோ நீக்ரோவின் நீர்மட்டம் ஓராண்டுக்குள் சராசரியாக 10 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது என்றால், மரங்களுக்கிடையே மீன்கள் நீந்தும் அந்தக் காட்டை ஓரளவு கற்பனை செய்துகொள்ளலாம். மட்கிய இலைகளின் சாறு ஊறி, நீர் கடுந்தேநீரின் நிறத்தில் இருக்கும். நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு (குறையக் குறைய அமிலம் மிகுதி) பல இடங்களில் 5-க்கும் கீழே. கரைந்த உப்புகளோ மிகச் சொற்பம், ஏறக்குறைய மழைநீரைப் போல.

இத்தகைய நீரில் பெரும்பாலான மீன்கள் செவுள்கள் வழியாகச் சோடியத்தை இழந்து இறந்துவிடும். ஆனால் ரியோ நீக்ரோவின் டெட்ரா மீன்களோ, அமிலத்தன்மை மிகுந்த நீரிலிருந்தும் அந்தச் சொற்பச் சோடியத்தை உறிஞ்சிக்கொள்ளும் ஆற்றல் பெற்றவை. இந்தச் சிற்றுயிரிடம் என்னை மிகவும் வியக்கவைப்பது, அதன் அழகைக் காட்டிலும், இந்த ஆற்றல்தான்.

நிறத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இம்மீனின் உடலில் மின்னும் நீலப்பட்டை சாயத்தால் ஆனதன்று. தோலணுக்களில் அடுக்கடுக்காக உள்ள குவானின் என்னும் பொருளின் நுண்படிகங்கள் ஒளியைத் திருப்பியனுப்புவதால் தோன்றுவது. இருளில் அது தானாகவே மங்கிவிடும்; ஆகவே காலையில் விளக்கைப் போட்ட சில நிமிடங்களுக்கு மீன் வெளிறியிருந்தால் நோய் என்று அஞ்ச வேண்டாம். பகல் முழுவதும் அப்படியே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

தொட்டியின் அடியில் உலர்ந்த நாட்டு வாதுமை இலைகளைப் பரப்பி, மிதக்கும் செடிகளால் வெளிச்சத்தைக் குறைத்து, குறைந்தது பத்து மீன்களைச் சேர்த்து வளர்த்துப் பாருங்கள். பி.எச். அளவைக் காட்டு நீரின் அளவுக்கே இறக்க வேண்டியதில்லை. கரைந்த உப்புகள் குறைந்த மென்னீராக இருந்து, அளவுகள் திடீரென மாறாமல் இருந்தால் போதும். முட்டைகள் பொரிய வேண்டுமானால் மட்டும் மிக மென்மையான அமில நீரும் இருளும் அவசியம். என் தொட்டியில் இலைகளை இட்ட மூன்றாம் நாள், மீன்கள் கூட்டமாக நடுப்பகுதிக்கு வந்து இரையெடுத்தன.