வீட்டை அடமானம் வைக்காதீர்கள். மகளை மகரந்தவியல் படிக்க விடுங்கள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். அரசுப் பள்ளியில் கணிதமும் உயிரியலும் எடுத்து நல்ல மதிப்பெண்ணுடன் பிளஸ் டூ முடித்த மகள், ஏரிப் படிவுகளில் புதைந்த மகரந்தத்தைக் கொண்டு பனியுகத்துக் காடுகளைக் கண்டறியும் மகரந்தவியல் துறைக்குத்தான் போவேன் என்கிறாளாம். தாய்மாமனோ, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தாவது சென்னையில் நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியல் சேர்க்கச் சொல்கிறாராம்.

ஐயா, தங்கள் கவலை நியாயமானது. அடமான யோசனை நியாயமானதன்று. யோசனை சொன்ன மைத்துனர் மாதத் தவணை கட்டப் போவதில்லை. விருப்பமில்லாத பெண்ணைக் கடன் வாங்கிச் சேர்த்தால், அரியர் விழும் ஒவ்வொரு பருவத்திலும் வட்டியும் சேர்ந்து ஏறும். பொறியியல், மருத்துவம் பற்றி உறவினர்கள் போதுமான அளவு சொல்லியிருப்பார்கள் என்பதால், அவர்கள் யாரும் சொல்லியிராத துறையைப் பற்றியே எழுதுகிறேன்.

மகரந்தத் துகளின் புற உறை, அமிலத்துக்கும் எளிதில் கரையாத ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது. ஆண்டுதோறும் ஏரியில் விழும் துகள்கள் காற்றுப் புகாத சேற்றில் அடுக்கடுக்காகப் படிந்து, பல்லாயிரம் ஆண்டுகள் உருக்குலையாமல் இருக்கின்றன. குழாய் இறக்கி அந்தச் சேற்றை நீள உருளையாக எடுத்து, ஒவ்வோர் ஆழத்திலும் ஒரு கன சென்டிமீட்டர் அளவு வெட்டி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் சுண்ணத்தையும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் மணலையும் கரைக்கிறார்கள். பின்னது கண்ணாடியையே அரிப்பதால் பிளாஸ்டிக் குப்பிகளில், புகைபோக்கி அறைக்குள் மட்டுமே செய்யும் வேலை அது. எஞ்சியதை நுண்ணோக்கியில் நானூறு மடங்கு பெரிதாக்கி, ஓர் ஆழத்துக்கு முந்நூறு துகள்களாவது இனம் பிரித்து எண்ண வேண்டும். பைன் துகளுக்கு இரண்டு காற்றுப்பைகள், புல்லுக்கு ஒற்றைத் துளை என அடையாளங்கள் உண்டு. ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரையிலான அடுக்குகளின் வயதைக் கதிரியக்கக் கார்பன் முறை சொல்லிவிடும்.

சுவீடனின் லென்னார்ட் வான் போஸ்ட் 1916-இல் இத்தகைய எண்ணிக்கைகளை முதன்முதலாக வரைபடங்களாக்கிக் காட்டினார். தென் இத்தாலியின் மொன்டிக்கியோ எரிமலை ஏரிப் படிவுகளில், இன்று ஓக் காடுகள் உள்ள அப்பகுதி பனியுகத்தில் பெரும்பாலும் புல்லும் மாசிபத்திரி இனச் செடிகளும் நிறைந்த வெட்டவெளியாக இருந்தது தெரிகிறது. நம் நீலகிரியின் சாண்டிநல்லா சதுப்புப் படிவுகளிலும் சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறி மேலோங்கிய வரலாறு இருக்கிறது. ஆனால் புல்லின மகரந்தங்கள் ஒன்றுபோலவே தோன்றுவதால், அங்கே எந்த வகைப் புல் என்று அறியக் கார்பன் ஐசோடோப்புகளின் (எடை வேறுபடும் கார்பன் அணு வகைகளின்) விகிதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. வீராணத்தில் தேடலாமா என்று மகள் கேட்டால், அது சோழர் காலத்தில் வெட்டிய ஏரி, அதில் பனியுகம் கிடைக்காது என்று சொல்லுங்கள். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் மகரந்தம் உண்டு. அது பனியுகத்துக்கும் கோடிக்கணக்கான ஆண்டுகள் முந்தையது.

எந்தத் துகள் எந்தச் செடியுடையது என்று ஒப்பிட்டுப் பார்க்க இத்துறைக்குத் தேவையான சேகரிப்பு தங்கள் ஊரிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கிறது என்பதை எந்த உறவினரும் சொல்லியிருக்க மாட்டார். 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் வெப்பமண்டலத் தாவரங்களின் மகரந்த ஸ்லைடுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன, உலர்த்திய தாவரங்களைச் சேர்த்து வைக்கும் உலர்தாவரகமும் உண்டு. லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனம் 1946 முதல் தொல்தாவர ஆய்வையே முதன்மைப் பணியாகக் கொண்டது.

செலவைப் பாருங்கள். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியலுக்கு ஆகும் கட்டணம், தனியார் கல்லூரியின் பேருந்துக் கட்டணத்தைக்கூட எட்டாது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். முதுகலையில் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், முனைவர் பட்ட ஆய்வின்போது, 2023 முதல் மாத உதவித்தொகை 37,000 ரூபாய்.

மறைக்காமல் சொல்ல வேண்டியதும் உண்டு. நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. முனைவர் பட்டம் முடியும்போது இருபத்தெட்டு வயதாகிவிடும். அதுவரை திருமணப் பேச்சை எடுத்து அவளை நெருக்கக் கூடாது. தேனின் தூய்மை, காற்றில் ஒவ்வாமைத் துகள், எண்ணெய் நிறுவனங்களின் பாறை வயதுக் கணிப்பு ஆகியவற்றிலும் இதே திறன் பயன்படும். அதுவும் அமையாவிட்டால், முதுகலையுடன் பி.எட். முடித்துத் தாவரவியல் ஆசிரியப் பணிக்குப் போட்டியிடலாம். மூன்றாண்டுப் படிப்பில் வேதியியலையும் புள்ளியியலையும் விட்டுவிடாமல் துணைப்பாடமாக எடுக்கட்டும். முதுகலைக்குப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் துறைக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்கலாம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சோதித்துப் பார்த்துவிடுங்கள். பள்ளியின் தாவரவியல் ஆசிரியரிடம் அனுமதி பெற்று, செம்பருத்தி, புளி, புல் ஆகிய மூன்றின் மகரந்தத்தையும் கலந்து ஒரே ஸ்லைடில் வைத்து, முந்நூறு துகள்களைப் பிரித்து எண்ணச் சொல்லுங்கள். மறுநாளும் தானாகவே போய் உட்கார்ந்தாள் என்றால், தாவரவியலை முதல் விருப்பமாக நிரப்பி, கடைசித் தேதிக்கு முன் விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.